அரை மாத்திரை கூடுதல்

நர்சிங் கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். எனக்கு வலிப்பு உண்டு என்பது என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். கல்லூரி முதல்வரான பெரிய மேடம் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் வேலை நிரந்தரமாகும். அவர் கண்முன்னே கைகால் வெட்டிக்கொண்டு விழுந்துவிட்டால்? அந்தக் கிலியில், டாக்டரைக் கேட்காமல் தினமும் அரை மாத்திரை கூடப் போட ஆரம்பித்தேன். அரைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே மருத்துவம் பார்த்துக்கொண்டேன்.

தலை லேசாகச் சுற்றியது. புதுக் கண்ணாடிமேல் பழியைப் போட்டேன்.

மேடம் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்த அன்று பாடம் என்ன தெரியுமா? கல்லீரல் நொதிகளின் கொள்ளளவு.

"மருந்தை உடைக்கிற நொதிங்கள பில் போடற கவுண்டர்னு நினைச்சுக்குங்க," என்றேன். "கவுண்டர் காலியா இருக்கற வரைக்கும் வர்றவங்களை அனுப்பிக்கிட்டே இருக்கலாம். எல்லாம் நெறஞ்சிட்டா, கூட நாலு பேர் வந்தாலும் வரிசை வாசலைத் தாண்டிடும். வலிப்பு மருந்து ஒண்ணு இப்படித்தான். கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்துல எகிறிடும்."

என்ன ஒரு விளக்கம்! நான் கூட்டிப் போட்டதும் அதே மருந்துதான்; என் கல்லீரலில் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது, அறிவாளிக்குத்தான் உறைக்கவில்லை.

வரைபடம் போட்டேன். மேலே ஏறிய கோடு கரும்பலகையை விட்டுச் சுவருக்குப் போனது. திரும்பும்போது கால் பின்னியது. மேசையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தால் நாக்கு குழறியது. மேடம் எழுந்து வந்து என் முகத்தருகே மூக்கை நீட்டினார்.

"குடிச்சிருக்கீங்களா?"

குடிகாரன் என்றால் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம், வலிப்புக்காரன் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் மூளை இப்படி ஒரு கணக்குப் போட்டது.

"கொஞ்சம்தான் மேடம்," என்றேன், வாழ்நாளில் பியர் பாட்டிலைக்கூடத் தொடாத நான்.

முதல் பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று குடைவதால், அவளுக்கு நான் வைத்த பெயரே 'ஏன்சார்'.

"சார் குடிக்கல மேடம். வாசனையே வரல. கண்ணு முழி ரெண்டும் எப்படி அங்கயும் இங்கயும் ஆடுது பாருங்க. நடை தள்ளாடுது, பேச்சு குழறுது. அந்த வலிப்பு மருந்து கூடிப்போனா இப்படித்தான் ஆகும்னு சாரே போன வாரம் சொல்லிக் குடுத்தாரு." என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு சார் கூட்டுனீங்க?"

இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது, வகுப்பு நடுவே அம்பலத்துக்கு வந்துவிட்டது.

"அரை மாத்திரை."

மேடம் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரச் சொன்னார். பிறகு கரும்பலகையையும் சுவரையும் ஒருமுறை பார்த்தார்.

"பொண்ணுங்களுக்குப் பாடம் நல்லாப் புரிஞ்சிருக்கு. நீங்கதான் வகுப்புல கவனிக்கறதில்ல போல."

ஏன்சார் இன்னும் உட்காரவில்லை.

"ஏன் சார்?" என்றாள்.

நொதி, கவுண்டர், வரைபடம் எதுவும் கைகொடுக்கவில்லை.

"பயமா இருந்துச்சும்மா," என்றேன்.

இன்னொரு 'ஏன் சார்?' போடாமல் அவள் உட்கார்ந்தாள்.