கண்ணாடியைக் கொடுக்காத நாள்

முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள வருகிறவர்களிடம் நாம் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. அந்த டாக்டரம்மாவின் தொழிலில் பாதி இதுதான். மீதிப் பாதிதான் ஊசி, லேசர், களிம்பு எல்லாம். வந்தவரை உட்காரவைப்பாள். கையில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கொடுப்பாள். "உங்களை உறுத்துறது எதுன்னு உங்க விரலாலேயே தொட்டுக் காட்டுங்க" என்பாள். அப்புறம் கம்மென்று உட்கார்ந்திருப்பாள். விரல் எங்கே போகிறதோ அங்கே மட்டும்தான் அவளுக்கு வேலை.

கேட்க லேசாக இருக்கும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எதிரே ஒரு ஆள் கோணல் மூக்கோடு வந்து உட்கார்ந்திருப்பான். பார்த்த உடனே கண்ணில் குத்தும். அவன் விரலோ மூக்குப் பக்கமே போகாது, காதுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத ஒரு தழும்பைத் தடவிக்கொண்டிருக்கும். அந்த மூக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அவன் பாட்டுக்கு அந்த மூக்கோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறான், நமக்கென்ன வந்தது?

கூட வந்தவர்களையும் உள்ளே விடக் கூடாது. அதற்குத்தான் முன் மேசையில் டாக்டரம்மாவின் அக்கா. கிளினிக்கில் துடைக்கிற பெருக்குகிற ஆட்கள்வரை அவளுக்குக் 'காவல்காரி' என்றுதான் பெயர். மகளுக்குப் பதிலாகப் பேச வருகிற அம்மா, பெண்டாட்டி முகத்துக்குத் தானே விலை கேட்கிற புருஷன், எவர் வந்தாலும் "உள்ள ஒரே ஒரு நாற்காலிதாங்க இருக்கு" என்று கூசாமல் பொய் சொல்லி நிறுத்திவிடுவாள். உள்ளே நாற்காலி மூன்று இருக்கிறது.

விரல் காட்டியபிறகு இரண்டு கேள்வி உண்டு. யார் சொல்லி வந்தீங்க? ஏன் இப்ப? பாதிப் பேர் இந்த இரண்டாவது கேள்வியிலேயே அழுதுவிடுவார்கள். காகிதக் கைக்குட்டை வாங்கியே கிளினிக் திவாலாகிவிடும் என்று அக்கா முணுமுணுப்பாள்.

இப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு நாள் இல்லாமல் இருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றைக்கு டாக்டரம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதே பாதி ஆளாகத்தான் கிளம்பினாள். மாமனாருக்கு ராத்திரி முழுக்க இருமல், அவளுக்குக் கண் ஒட்டவில்லை. கிளினிக்குக்கு வந்தால், வருகிறவர்கள் எல்லாரும் கண்ணையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருத்திக்கு இமை தொங்குகிறது. ஒருவருக்குக் கண்ணுக்குக் கீழே பை. இன்னொரு பையன் போனில் கண்ணைப் பெரிதாக்கி மெருகேற்றிய தன் படத்தையே நீட்டி, "இப்படி ஆக்குங்க" என்று பிடிவாதம். "இது நீங்க இல்லப்பா, உங்க போன்" என்று புரியவைப்பதற்குள் டாக்டரம்மாவுக்குத் தொண்டை வற்றிவிட்டது. அவன் கோபித்துக்கொண்டு போனான். போகும்போது கதவைச் சாத்திய சாத்தில் சுவர் அதிர்ந்தது.

அவன் போன சூட்டோடு உள்ளே வந்தாள் ஒரு டிரைவிங் டீச்சர். காருக்குள் நாள் முழுக்கப் பேசிப் பேசிக் கரகரத்துப்போன குரல். அவள் வரவேற்பறையில் ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தது சுவர் தாண்டிக் கேட்டிருந்தது. உட்காரும்போதே, "என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க கைகாலெல்லாம் நடுங்கும் டாக்டர். இன்னைக்கு என் முறை" என்று சிரித்தாள்.

வட்டக் கண்ணாடி எட்டாத தூரத்தில் அலமாரித் தட்டில் கிடந்தது. எடுக்க வேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டும். டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. வந்தவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கண்ணுதானே? இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கு. சரி பண்ணிடலாம்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"கண்ணா? இல்லையே டாக்டர். கழுத்துல மரு. சீட் பெல்ட் உரசி உரசி ரத்தம் வருது, அதை எடுக்கத்தான் வந்தேன்."

டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கம்மா. வேற ஒருத்தங்க நினைப்புல சொல்லிட்டேன்" என்றாள். மருவை எடுப்பது பெரிய வித்தை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சுட்டு எடுத்து, மருந்து வைத்தாள். முடிந்து எழுந்து போகும்போது, டீச்சர் கதவோரம் சுவரில் இருக்கும் கண்ணாடி முன்னால் நின்றாள். கழுத்தைப் பார்க்கவில்லை. ஒரு விரலால் வலது இமையை மூடித் திறந்தாள், அப்புறம் இடது இமையை.

டாக்டரம்மா அதைப் பார்த்தாள். அப்போதே கூப்பிட்டு உட்காரவைத்து, கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. உடம்பு வரவில்லை, அவ்வளவுதான், இதற்கு வேறு சப்பைக்கட்டு எதுவும் கிடையாது. அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணியை அழுத்தினாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா உள்ளே தலையை நீட்டினாள்.

"சின்னவளே, உன் டிரைவிங் டீச்சர் வந்திருக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, சுவரைப் பாத்து உக்காந்திருக்கா. யார்கிட்டயும் ஒரு பேச்சு இல்ல."

டாக்டரம்மா இந்த முறை வட்டக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். டீச்சர் வந்தாள், உட்கார்ந்தாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "உங்களை உறுத்துறது எதுன்னு..." என்று டாக்டரம்மா ஆரம்பிக்கும்போதே விரல் இடது இமைக்குப் போய்விட்டது. வட்டக் கண்ணாடியை அவள் பார்க்கக்கூட இல்லை.

பழக்கதோஷம், அடுத்த கேள்வியும் வாயில் வந்துவிட்டது. "யார் சொல்லி வந்தீங்க?"

டீச்சர் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான் டாக்டர்."

டாக்டரம்மா "ஏன் இப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"வண்டியில என் பக்கம் தனியா ஒரு கண்ணாடி இருக்கு டாக்டர். காலுக்குக் கீழ தனியா ஒரு பிரேக். கத்துக்கறவங்க கோட்டை விட்டா நான் பிடிக்கணும், அதுக்குத்தான். இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடியில பின்னால வர்ற வண்டியைத்தான் பாத்தேன். இப்ப என் கண்ணுதான் தெரியுது. போன வாரம் ஒரு காய்கறிக் கடைக்காரர், பாவம், இந்த வயசுல ஆசைப்பட்டுக் கத்துக்கறார். திரும்பச் சொன்னேன், திரும்பினார். பின்னால ஒரு பைக் வந்திருக்கு. நான் பாக்கல. நான் இமையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"யாருக்காவது அடியா?"

"இல்ல. பைக்குல வந்தவன் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிட்டுப் போனான். கடைக்காரர் அப்புறம் வரவே இல்ல." மடியில் இருந்த கறுப்புக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். "வீட்டுல பழைய போட்டோவை எல்லாம் எடுத்துப் போட்டுப் பாத்தேன். ஸ்கூல் போட்டோவுலயே இருக்கு. எல்லாத்துலயும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் ஒண்ணுமே இல்லேங்கறார். அவரை விடுங்க, நான் மொட்டையடிச்சுக்கிட்டு நின்னாலும் அவருக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும்."

எல்லாரையும் சிரிக்கவைத்த அந்தப் பழைய டீச்சர் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டாக்டரம்மாவுக்கு அதைப் பார்த்ததும் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சின்ன ஸ்கேலை எடுத்து இரண்டு இமையையும் அளந்தாள். அளந்ததை அவளிடமே காட்டினாள். "பாருங்க, கோட்டுக்குக் கோடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டு கண்ணும் அச்சா ஒரே மாதிரி யாருக்குமே இருக்காதும்மா. எனக்கும் இல்ல."

டீச்சர் ஸ்கேலைப் பார்த்தாள். "ஸ்கேல்ல விழல. உங்க கண்ணுல விழுந்துச்சே டாக்டர். நான் உக்காந்து வாயைத் திறக்கறதுக்குள்ள."

"அன்னைக்கு நான் ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன்" என்றாள் டாக்டரம்மா. நோயாளியிடம் இப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "காலையில இருந்து வந்தவங்க எல்லாரும் கண்ணு கண்ணுன்னாங்க. நானும் அதே வாக்குல கண்ணுன்னுட்டேன். தப்பு என்னோடது. உங்க முகத்துல எந்தத் தப்பும் இல்ல."

டீச்சர் கோபப்படவில்லை. ஆறுதல் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"களைச்சுப் போனாத்தான் டாக்டர் உள்ளது வெளியில வரும். நானும்தான் வர்றவங்க எல்லார்கிட்டயும் 'நல்லா ஓட்டறீங்க, நல்லா ஓட்டறீங்க'ன்னு சொல்றேன். அலுத்துப் போன அன்னைக்கு, 'உங்களுக்கு இது வராதுங்க'ன்னு வாய் தவறி வந்துடும். அப்புறம் எவ்வளவு தட்டிக்கொடுத்தாலும் அவங்க நம்பறதில்ல. நம்பாததும் சரிதானே, அதுதானே நிஜம்." பையைத் திறந்து மூடினாள். "ஒரு ஊசி போட்டா தூக்கிக்கும்னு சொல்றாங்க. போட்டுடுங்க."

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி டாக்டரம்மா வெளியே வந்தாள். அக்கா தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"போட்டு விட்டுடேன்டி. புருவத்து மேல ஒரு துளி, அவ்வளவுதானே. நீ போடலைன்னா பக்கத்துத் தெருவுல போட்டுக்கப் போறா. அவங்க ஒரு துளியோட விடுவாங்களா? கண்ணுல ஆரம்பிச்சு தாடை வரைக்கும் வந்துட்டுத்தான் விடுவாங்க."

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். ஒரு துளி. நிமிஷத்தில் முடிந்துவிடும். அவளும் சமாதானமாகப் போவாள், இவளும் போய்ச் சாயலாம்.

"போட்டா, நான் அன்னைக்குச் சொன்னது நிஜம்னு ஆயிடும்க்கா. நாளைக்கு ஊசியோட வேகம் இறங்கினதும் மறுபடி வருவா. ஆயுசுக்கும் வருவா."

"போடலைன்னா மட்டும் அது பொய்யாயிடுமா?"

டாக்டரம்மா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"போட மாட்டேம்மா" என்றாள். "இதுக்கு ஊசி தேவையில்ல. நான் போடக் கூடாது. நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க, காசு வேண்டாம், உக்காந்து பேசுவோம். இந்த மாதிரி விஷயத்தைப் பேசியே சரி பண்றவங்க இருக்காங்க, அவங்ககிட்டயும் அனுப்பறேன். வண்டிக் கண்ணாடி மட்டும் கொஞ்ச நாளைக்கு..."

"சரி டாக்டர்" என்றாள் டீச்சர். சண்டை பிடித்திருந்தால்கூடத் தேவலை என்று டாக்டரம்மாவுக்கு இருந்தது. டீச்சர் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கையில் எடுத்தவள் போட்டுக்கொள்ளாமல் நின்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. வேற ஏதாவது இருக்கா?"

"வேறயா?"

"முகத்துல. இதை நான் இத்தனை வருஷமா பாக்கவே இல்லையே. இன்னும் என்னென்னத்தைப் பாக்காம இருக்கேனோ. இன்னொரு நாள் யாராவது சொல்லி நான் அலையறதுக்குப் பதிலா, இப்பவே நீங்க சொல்லிட்டா ஒரே அலைச்சலாப் போயிடும்."

"ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல" என்றாள் டாக்டரம்மா. பட்டென்றுதான் சொன்னாள், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

ஆனால் டீச்சர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டாக்டரம்மாவின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது தன் முகத்தில் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று. டாக்டரம்மாவுக்கு அது புரிந்தது. புரிந்ததும் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெற்றியைப் பார்த்தால் நெற்றி போச்சு. மூக்கைப் பார்த்தால் மூக்கு. கண்ணுக்கு நேராகப் பார்க்கலாமென்றால் அங்கேதான் அந்த இமை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகத்தைப் பார்த்தவள், இந்த ஒரு முகத்தை எப்படிப் பார்ப்பதென்று தெரியாமல் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்தாள்.

"அவ்வளவா இருக்கு?" என்றாள் டீச்சர்.

டாக்டரம்மா நிமிர்வதற்குள் அவள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்திருந்தாள். வெளியே அக்கா அடுத்த ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.