அப்ஸ்காண்டட் என்ற சொல்லின் பூர்வீகம்

காரைக்காலில் முப்பத்திரண்டு வருஷம் தொண்டைத்தண்ணி வற்ற இங்கிலீஷ் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றும் வாய் ஓயவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அதன் முப்பாட்டன் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவேன். அந்தத் திமிரைத்தான் சொல்ல வருகிறேன்.

திருவேட்டக்குடி மெஹர் பானு என்னிடம் படித்தவள். புருஷன் அஜ்மீருக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை. மூன்று வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை. தேடித்தரச் சொல்லி நம் தூதரகத்துக்கு மனு எழுத வந்தாள். எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடப்போனவள், கம்பெனி அனுப்பிய கடிதத்தை நீட்டி, இதில் 'அப்ஸ்காண்டட்' என்று இருக்கிறதே, என்ன சார் என்றாள்.

வேலைக்கு வராதவன் எவனாக இருந்தாலும் அங்கே அப்படித்தான் எழுதித் தள்ளுவார்கள். அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? தடி அகராதியைத் தூக்கிவந்தேன். லத்தீனில் 'அப்ஸ்கொந்தெரே'. 'அப்' என்றால் விலகி. 'கொந்தெரே' என்றால் சேர்த்து மறைத்து வைப்பது. ஆக, ஒளிந்துகொள்வது. இரண்டாயிரம் வருஷமாக அர்த்தம் மாறவே இல்லை பாரம்மா என்று பெருமை வேறு.

அவள் பேனாவை மூடினாள்.

"யார்ட்டேருந்து சார் ஒளிஞ்சாங்க? எங்கிட்டேருந்தா?"

அது கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வார்த்தை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். போன தடவை வந்தபோதே அவன் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்த அரிப்பு ஏற்கெனவே அவளுக்குள் இருந்திருக்கிறது.

"ரெண்டாயிரம் வருஷமா மாறாததை எனக்காக மாத்தாதீங்க சார்" என்று சொல்லி, மனுவை மடித்து எடுத்துப்போனாள். அனுப்பவில்லை. இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டேன். ஓடி ஒளிந்தவரை இழுத்துவந்து என்ன குடும்பம் நடத்துவது என்று பதில் வந்தது.

மூன்றாம் மாதம், அவனோடு அறையில் தங்கியிருந்த சஃப்வான் விசாரித்துக் கண்டுபிடித்துப் போன் செய்தான். ரோட்டில் மயங்கி விழுந்திருக்கிறான் அஜ்மீர். சட்டைப்பையில் ஒரு காகிதமும் இல்லை. பெயர் தெரியாத நோயாளியாக அரசு ஆஸ்பத்திரியில் பத்து வாரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து, முந்தின வாரம்தான் மவுத்தாகியிருக்கிறான். தேடி ஒருவரும் வரவில்லையாம்.

போனேன். அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் அன்னிய ஆண் முன்னால் வரக்கூடாது. கதவுக்கு அந்தப்பக்கம் நின்றுதான் பேசினாள். திட்டியிருந்தால் தேவலை.

"அவங்க ஒளியல சார்" என்றாள். "ஒரே கட்டில்லதான் படுத்திருந்தாங்களாம், அத்தனை நாளும்."