ஏழாவது ஓய்வு

உலக மல்யுத்த சாம்பியன் பட்டம் இரண்டு தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டென்னசியின் ஸ்டாம்பர் குடும்பம்தான் அது. உலகம் என்றால் இரண்டு மாவட்டங்கள், அதோடு ஆற்றைத் தாண்டிக் கென்டக்கிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கும் மைதானம். பட்டத்தை வழங்கும் சங்கம் டெல்பர்ட் ஸ்டாம்பரின் வீட்டு கராஜில் இருந்தது. சங்கத் தலைவரும் டெல்பர்ட்தான். சாம்பியனும் அவர்தான் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மாவட்டக் கண்காட்சித் திடலின் மாட்டுக் கொட்டகையில், டெல்பர்ட் ஏழாவது முறையாக ஓய்வு பெறுவதாக இருந்தார். முதல் ஓய்வு முழங்காலுக்காக. இரண்டாவது ஏசுவுக்காக. மூன்றாவது, மனைவி கேட்டுக்கொண்டதற்காக. நான்காவதற்குள் அந்த அம்மாள் வேறொருவரோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டிருந்தார். மற்றவற்றின் காரணங்கள் டெல்பர்ட்டுக்கே ஞாபகம் இல்லை. ஒவ்வொரு முறையும் மல்யுத்த வளையத்தின் நடுவே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார், கூட்டமும் அழுதது, ஆறு மாதத்துக்குள் புது பூட்ஸ் வாங்கினார்.

மகன் ராய்ஸுக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை. அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வயதிலிருந்து வார இறுதிகளில் பள்ளிக்கூட ஜிம்களிலும், பழைய ராணுவக் கிடங்குகளிலும், ஒருமுறை மூடிப்போன மளிகைக் கடை ஒன்றிலும் மல்யுத்தம் செய்கிறான். மற்ற நாட்களில் கூரை ஓடு மாற்றுகிற வேலை. தொலைக்காட்சியில் வருகிற பெரிய கம்பெனி எதுவும் அவனைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாது என்பதையும் அவன் ஒரு மாதிரி விழுங்கி முடித்திருந்தான். விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது வேறொன்று.

இந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் அதில் மரியாதை அதிகம். ஓய்வு பெறுகிறவன் மல்லாந்துதான் போக வேண்டும்: தனக்குப் பின்னால் வருகிறவனுக்கு அடியில் படுத்து, நடுவர் மூன்று எண்ணும் வரை இரண்டு தோளும் தரையில் பட அசையாமல் கிடந்து, பெயரைக் கைமாற்றிவிட்டுப் போக வேண்டும். டெல்பர்ட்டின் அப்பா ஹோபர்ட், எழுபத்தொன்பதாம் ஆண்டு ஒரு புகையிலைக் கிடங்கில் அப்படித்தான் படுத்தார். அந்தப் படம் டெல்பர்ட் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தது: கீழே ஹோபர்ட் கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருபத்து நாலு வயது டெல்பர்ட், நெற்றியில் ரத்தம், வாயெல்லாம் பல். ராய்ஸ் சிறுவனாக இருந்தபோது கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தால் கண் கார்ட்டூனுக்கு மேலேயே போகும். அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி உண்டு. அதில் எதுவும் மாட்டவில்லை. ஆறு ஓய்விலும் டெல்பர்ட் எதிராளியாக வேறு யாரையாவதுதான் பிடித்தார்.

ஏழாவது முறை அவரே கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் தடவை நீதான் பையா. ரெண்டு தடவை அமுக்கு, ரெண்டுலயும் நான் தோளைத் தூக்கிடுவேன். மூணாவது தடவை நம்ம குடும்பத்துப் பிடியைப் போட்டு அமுக்கு. படுத்துடறேன்."

"நிஜமாவாப்பா?"

"நான் என்னிக்குடா பொய் சொன்னேன்" என்றார், தம்மை ஆறடி ஐந்தங்குலம் என்று நாற்பது வருடமாக அறிவிக்கச் செய்துகொண்டிருந்த ஐந்தடி பதினோரங்குல மனிதர்.

கொட்டகை நிறைந்திருந்தது. மடக்கு நாற்காலிகள், வேகவைத்த கடலை, வறுத்த பலோனி இறைச்சி சாண்ட்விச், முந்தின நாள் பரிசு வாங்கிய கன்றுகளின் வாசனை. வாசலில் ராய்ஸின் மனைவி ட்வைலா மேசை போட்டு டெல்பர்ட் படம் போட்ட சட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள். முதல் வரிசையில் வழக்கம்போல மிஸ் க்ளோவிஸ், சர்ச் உடையிலேயே. இருபது வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்து ராய்ஸைத் திட்டுவது அந்த அம்மாளின் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பகுதி.

"ராய்ஸ், உங்கப்பன் மேல கைய வெச்சுப் பாரு. வெளியில நிக்குற உன் டிரக்குல நாலு சக்கரத்துலயும் காத்து இருக்காது" என்றார்.

"மூணுதான் இருக்கு, மிஸ் க்ளோவிஸ். ஒண்ணு போன தடவையே நீங்க எடுத்துட்டீங்க."

கூட்டம் சிரித்தது. தங்கக் கிரீடம் வைத்து டெல்பர்ட் வந்தார். எழுந்து நின்றார்கள். கயிற்றைத் தாண்டும்போது நடுவர் ஓடெல் அவர் முழங்கையை யாருக்கும் தெரியாமல் தாங்கிப் பிடித்தான். ஓடெல் ராய்ஸின் சித்தப்பா மகன். ஸ்டாம்பர் குடும்பத்தில் மல்யுத்தம் வராதவர்களுக்கும் ஒரு வேலை இருந்தது.

முதல் பத்து நிமிடம் ராய்ஸ் இரண்டு பேருக்காகவும் உழைத்தான். அப்பா தொட்டால் பறந்து விழுந்தான். அப்பா மூச்சு வாங்க வேண்டியபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காரவைத்தான். வெளியிலிருந்து பார்க்க அது கொலை மாதிரி இருந்தது. பிறகு தூக்கிப் போட்டு, முட்டை வைக்கிற பதத்தில் தரையில் இறக்கி, மேலே விழுந்து அமுக்கினான்.

ஓடெல் தரையை அடித்தான். ஒன்று.

அப்பாவின் மார்பு ராய்ஸின் மார்புக்கடியில் ஏறி இறங்கியது. தோள் அசையவில்லை. ராய்ஸ் காத்திருந்தான். இரண்டு. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது: அவர் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அறுபத்தொன்பது வயதுத் தோள் வியர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஓடெலின் கை மேலே போய்விட்டது. தோள் எழும்பவில்லை என்றால் எண்ணித்தான் ஆக வேண்டும், அது நடுவரின் தர்மம். ராய்ஸ் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா கிடந்தால் போதும்.

அவன் கை அவனைக் கேட்கவில்லை. இருபத்து நாலு வருடமாகப் பேசினபடியே ஆட்டத்தை நடத்திப் பழகிய கை அது. அப்பாவின் முதுகுக்கடியில் நுழைந்து, தோள்பட்டையை நாலு விரலால் நெம்பித் தூக்கியது.

கொட்டகைக் கூரை அதிர்ந்தது. சாகக் கிடந்த கிழச் சாம்பியன் கடைசி நொடியில் தோளைத் தூக்கிவிட்டார். மிஸ் க்ளோவிஸ் நாற்காலி மேல் ஏறி நின்று, பைபிளை ஆட்டினார். டெல்பர்ட் எழுந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணில் ஒரு பசி வந்து உட்கார்ந்தது. ராய்ஸ் அதைச் சின்ன வயதிலிருந்தே அறிவான். அம்மாவும் அறிவாள்.

ராய்ஸ் அவரை மறுபடி பிடிக்கக் குனிந்தான். டெல்பர்ட் அவன் காலைக் கொக்கி போட்டு, கழுத்தை வளைத்து, ஒரு மூட்டை மாதிரி சுருட்டி மேலே விழுந்தார். பேசி வைத்ததில் இது இல்லை. ஓடெல் முழங்காலில் விழுந்து ராய்ஸின் முகத்தைப் பார்த்தான். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை. ராய்ஸ் நினைத்திருந்தால் அப்பாவோடு சேர்த்தே தோளைத் தூக்கியிருக்கலாம். தினமும் கூரை ஓட்டுக் கட்டுகளைத் தோளில் வைத்து ஏணியில் ஏற்றுகிறவன்.

அவன் காதுக்குள் அப்பாவின் மூச்சு இரைத்தது. "இரு பையா. கொஞ்சம் அப்படியே இரு."

அவன் இருந்தான். ஓடெல் மூன்று எண்ணி முடித்தான்.

கன்றுகளைக் குளிப்பாட்டுகிற கொட்டடியில் டெல்பர்ட் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சனம் கேட்டுச்சு. நான் என்ன பண்ணட்டும்? நீயே கேட்டேல்ல சத்தத்தை."

"கேட்டேன்ப்பா."

"வசந்தத்துல முறையா ஓய்வு எடுத்துக்கறேன். உனக்குத்தான். எழுதி வெச்சுக்கோ." ராய்ஸின் கையை எடுத்துக் குலுக்கினார், தொட்டும் தொடாமல், தொழிலில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் அப்படித்தான் குலுக்குவார்கள். பிறகு வெளியே படம் எடுத்துக்கொள்ளப் போனார்.

ஓடெல் கோடு போட்ட சட்டையைக் கழற்றினான். "நீ அவரை அமுக்குனப்பவே நான் மூணு எண்ணியிருப்பேன்டா. என் கை பாதி வந்துருச்சு."

"பேசுனது அது இல்லையே."

"அவரு பேசுனபடியா நடந்தாரு?"

ராய்ஸ் வாசலிலிருந்த மேசைக்குப் போனான். சட்டைகளில் பாதி தீர்ந்திருந்தன. ட்வைலா மீதியை மடித்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள், அவன் பக்கம் திரும்பாமல்.

"நீதான தூக்கிவிட்ட" என்றாள்.

"இல்ல. அவரே தூக்குனாரு. வயசானாலும் தெம்பு இருக்கு மனுஷனுக்கு."

அவள் இன்னொரு சட்டையை மடித்தாள். அதிலிருந்த மாமனாரின் முகம் இரண்டாக மடிந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினாள்.

முந்தின நாள் காலையில் ராய்ஸ் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, ஈரத்துண்டை சாம்பியன் பெல்ட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயித்தவன் எப்படிக் கையைத் தூக்குவது என்று நாலைந்து தடவை செய்து பார்த்தான். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ட்வைலா பார்த்துவிட்டாள்.