எதிராளி கற்றுக்கொடுத்த தற்காப்பு

பல் டாக்டர் லமாராவின் நாற்காலியில் மெடேயா வந்து உட்கார்ந்ததும், வெளியே காத்திருந்தவர்கள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். குத்தாயிசி ஊரில் சதுரங்கம் தெரியாதவர்கள் குறைவு. இந்த இரண்டு பெண்களுக்கும் ஆகாது என்பது தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. நகரப் போட்டியில் வருஷா வருஷம் மெடேயா ஜெயிப்பாள். லமாரா மற்ற எல்லோரையும் மடக்கிவிட்டு மெடேயாவிடம் போய்த் தோற்பாள்.

கடைவாய்ப் பல்லில் சொத்தை. லமாரா ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் மெடேயா. "கறுப்புக் காய் வந்தா நீங்க எப்பவும் அதே பிரெஞ்சு ஆட்டத்ததான் ஆடுறீங்க. எதிர்ல உக்கார்றவ முந்தின நாளே வீட்ல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துடறா. நானே அப்படித்தான் வர்றேன்."

"வாயத் திறங்க."

"உஃபிம்ட்சேவ் தற்காப்புன்னு கறுப்புக்கு ஒரு ஆட்டம் இருக்கு, நான் சொல்லித் தர்றேன். எதுக்கும் வளைஞ்சு குடுக்கும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

துளைக்கும் கருவியை எடுக்கப்போன லமாராவின் கை நின்றது. "எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மாதான்." பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் மெடேயா சிரித்தது கோணலாகத் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது லமாரா கணவன் ஸுராபிடம் இதைச் சொன்னாள். அவன் சோள ரொட்டியைப் பயற்றங்குழம்பில் தோய்த்தபடியே கேட்டான்.

"சும்மாவா? மெடேயா சும்மா மழையில கூட நனைய மாட்டா. யோசிச்சுப் பாரு. அவளே சொல்லிக் குடுத்தா, அதுல ஓட்டை எங்க இருக்குன்னு அவளுக்குத்தானே தெரியும்?"

"எனக்குத் தெரியாதா அது?"

"தெரிஞ்சும் போகப் போற. அதான் உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கே."

உண்மைதான். தோற்றுத் தோற்று லமாராவுக்கு அலுத்துவிட்டிருந்தது. என்ன சூழ்ச்சி என்றாவது பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ரியோனி ஆற்றைத் தாண்டி மெடேயாவின் வீட்டுக்குப் போனாள்.

மெடேயா காப்பியும் வால்நட் ஜாமும் வைத்தாள். பலகையை விரித்தாள். கறுப்புச் சிப்பாய்களை ஒரு கட்டம், ஒரு கட்டமாகத்தான் நகர்த்தினாள். பிஷப்பை ஓரத்தில், சிப்பாய்களுக்குப் பின்னால் பதுக்கினாள். பலகையின் நடுப்பகுதி முழுவதும் வெள்ளைக்கே போனது.

"நடுவ எதிராளியே எடுத்துக்கட்டும். சிப்பாய்ங்கள வரிசையா முன்னால தள்ளிட்டு, ஜெயிச்சுட்டோம்னு நெனப்பா. ஆனா அம்புட்டையும் அவதான காவல் காக்கணும்? நீங்க பாத்துக்கிட்டே இருங்க. எப்ப ஒரு சிப்பாய் தள்ளாடுதோ அப்ப இந்தப் பக்கத்துலேருந்தோ அந்தப் பக்கத்துலேருந்தோ ஒரு அடி. எந்தப் பக்கம்னு உங்களுக்கே முன்னாடி தெரியக் கூடாது."

"எனக்கே தெரியாம எப்படி ஆடுறது?"

"அதான் இதுல சுகமே."

பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல ஒன்று சொன்னாள். "முக்கியமா, அவசரப்பட்டுக் கோட்டை கட்டிடாதீங்க. ராஜா நடுவுலயே கிடக்கட்டும். எந்த மூலைக்குப் போறார்னு தெரியாதவரைக்கும் அவளால எங்கயும் குறி வைக்க முடியாது."

லமாராவுக்குக் கரண்டியிலிருந்த ஜாம் இனிக்கவில்லை. ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய், யானையைப் பக்கத்தில் காவல் நிறுத்து என்பதுதான் எந்தக் குழந்தைக்கும் முதலில் சொல்லித்தருவது. இவள் அதைச் செய்யாதே என்கிறாள். ஓட்டை இதுதானோ?

சதுரங்கச் சங்கத்தில் இரக்லியைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். இரக்லி பழைய ஆட்டக்காரர். நேராக அடித்து ஆடுகிறவர்.

"ராஜாவ நடுத்தெருவுல விட்டுட்டா? யாரு சொன்னா?"

"எங்கயோ படிச்சேன்."

"எழுதினவனுக்கு உன்மேல ஏதோ பகை இருக்கு, லமாரா."

இருந்தும் அவள் அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள். ஆட்டம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் வம்பு. பிரெஞ்சு ஆட்டத்தில் அவள் காய்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். இதில் மூச்சு விட இடமிருந்தது. ஆனால் மெடேயா ஒவ்வொன்று சொல்லும்போதும் லமாரா பலகையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஒருநாள் பக்கத்து அறையில் தொலைபேசி மணியடித்தது. மெடேயா போகும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படியும் குரல் கேட்டது.

"ஆமா, நல்லா கத்துக்கிட்டா. இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. போட்டியில என்கூட ஆடட்டும், பாத்துக்கலாம்."

 திரும்பி வந்தவளிடம் லமாரா தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டாள். அன்று ஸுராபிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் அப்பவே சொன்னேன் என்பான், அதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

நகரப் போட்டி பிப்ரவரியில் நடந்தது. கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வேலை செய்யாததால் எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். லமாராவுக்கு மெடேயாவோடு கறுப்புக் காய் விழுந்தது. பிரெஞ்சு ஆட்டத்துக்கே திரும்பிவிடலாமா என்று காலை முழுக்கத் தவித்தவள், பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் புதிய தற்காப்பைத்தான் ஆடினாள். மெடேயாவின் கண்களில் ஒரு மினுக்கம் வந்து போனது. அந்த மினுக்கம்தான் லமாராவை உலுக்கிவிட்டது. வலையில் விழுந்த பறவையைப் பார்க்கிற சந்தோஷம் அது என்று அவளுக்குத் தோன்றியது. சரி, உன் பேச்சைக் கேட்டால்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எட்டாவது நகர்த்தலிலேயே கோட்டை கட்டினாள்.

மெடேயா தலையைத் தூக்கி அவளையே பார்த்தாள்.  பிறகு ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. அந்தச் சிப்பாய் கோட்டைச் சுவரில் போய் முட்டியது. காவலுக்கு இருந்த கறுப்பு பிஷப்பை மெடேயா தன் பிஷப்பைக் கொடுத்து வெட்டினாள். பாதை திறந்தது, யானை இறங்கியது, பின்னாலேயே ராணி வந்தாள். மூலையில் மாட்டிக்கொண்ட ராஜாவுக்கு ஓட இடமில்லை. லமாரா கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

ஜெயித்தவள்தான் கோபமாக இருந்தாள். நடைவழியில் லமாராவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மரியாதையெல்லாம் போய்விட்டது.

"என்னடி பண்ணி வச்சே? கோட்டை கட்டாதேன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"நீ சொன்னதாலதான் கட்டினேன். போன்ல நீ பேசினத கேட்டேன்டி. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னியே, யார்கிட்ட?"

மெடேயா கையை விட்டாள்.

"திபிலிசியில என் பயிற்சியாளர்கிட்ட. மே மாசம் ரீகாவுல ஆடப் போறேன். அங்க ஒரு லாத்வியாக்காரி இருக்கா. கறுப்புல இதத்தான் ஆடுவா, வேற எதையும் ஆட மாட்டா. போன தடவயும் என்ன அடிச்சா, அதுக்கு முந்தியும் அடிச்சா. இத ஆடிப் பழக இந்த ஊர்ல எனக்கு ஆளு இல்ல. அதனால ஒருத்தியத் தயார் பண்ணலாம்னு..."

"அந்த ஒருத்தி நானா? குத்துச்சண்டைக்காரன் குத்திப் பழகுற மூட்டையா நான்?"

"மூட்டையக் குத்தி எனக்கு என்ன ஆகப் போவுது? திருப்பிக் குத்துற ஆளு வேணும். அது இங்க நீ ஒருத்திதான். தப்பாச் சொல்லிக் குடுத்தா யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான!"

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

லமாரா படியிறங்கினாள். ஏமாற்றப்படவில்லை என்ற ஆறுதலும், பயன்படுத்தப்பட்டோம் என்ற எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து கூடவே வந்தன. பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று ஆற்றைத் திட்டினாள்.

வீட்டில் காய்களை அடுக்கி, தான் கோட்டை கட்டிய இடத்துக்கு வந்து நிறுத்தினாள். ராஜாவை நடுவிலேயே விட்டுப் பார்த்தாள். மெடேயாவின் ஓரத்துச் சிப்பாய் ஓடி வந்தது. வந்த இடத்தில் முட்ட ஒன்றுமில்லை. இன்னொரு விதமாகவும் ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. மெடேயா சொன்னதில் ஓட்டையே இல்லை.

கோபம் தீரச் சில வாரம் பிடித்தது. தீர்ந்ததும் அவளே மெடேயாவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். மெடேயா பலகையை எடுத்து வைத்தாள். லமாரா ராஜாவை நகர்த்தவே இல்லை. வெள்ளைச் சிப்பாய்கள் நடுவில் மூச்சிரைக்கும்வரை பொறுத்திருந்து, வலது பக்கம் அடிப்பதுபோல் பாவனை காட்டி இடது பக்கம் அடித்தாள். சிப்பாய்ச் சுவர் சரிந்தது. மெடேயா வெகுநேரம் பலகையையே முறைத்துவிட்டு, தோற்றேன் என்று தன் ராஜாவைச் சாய்த்தாள்.

"இன்னொண்ணு ஆடு," என்றாள். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

அன்று இதைக் கேட்டதும் ஸுராப் சிரித்தான். "வேணும்னே தோத்திருப்பா. நீ விட்டுட்டுப் போயிடக் கூடாதுல்ல."

பஸ்ஸில் வரும்போது லமாராவுக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவ காத நீ பாக்கல. பேசாம சாப்பிடு."

மே மாதம் ரீகாவில் மெடேயா லாத்வியாக்காரியோடு டிரா செய்தாள். ரயிலிலிருந்து இறங்கியவள் பெட்டியைக் கூட வீட்டில் வைக்காமல் நேராகப் பல் மருத்துவமனைக்கு வந்தாள்.

"அவளவிட நீ நல்லா ஆடுறடி," என்றாள்.

லமாரா கையுறையைக் கழற்றியபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"