மே மரத்தில் ஒரு நீல நாடா

"நம்ம நோயை மரம் வாங்கிக்கிட்டா, அப்புறம் மரத்தை யாரு பாத்துப்பாங்க?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஏழு வயதுக் கெர்ரா கடையில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டாள். கேட்டது கல்லாவில் இருந்த அம்மா ஹெஸ்டரிடம் அல்ல. தபால் பையோடு உள்ளே வந்த வென்னாவிடம். குழந்தைக்கு அப்போது சிறுநீரகத்தில் கோளாறு. முகமும் காலும் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும்.

வென்னா பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"பிள்ளை மனசுல இதெல்லாம் ஏத்தாதே, வென்னா. எங்களுக்கு ஜெபம் போதும்" என்றாள் ஹெஸ்டர். தேவாலயத்தில் பூ வைப்பவள், ஞாயிறு தவறாதவள். குரலில் உப்பு கொஞ்சம் கூடித்தான் போயிற்று.

"சரி, தங்கம்" என்றாள் வென்னா. இங்கிலாந்தில், கார்ன்வாலின் அந்த மேற்குக் கோடியில் எல்லாரும் எல்லாருக்கும் தங்கம்தான், சண்டையில்கூட. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மருந்து வேலை செய்தது. கெர்ரா தேறினாள். இப்போது பிளிமத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள்.

வென்னா தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொள்ளக் கூசியதில்லை. வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை அவளுக்கு. எட்டும் சூரியனையும் மண்ணையும் பார்த்து வைத்தவை. ஒரு குச்சி ஒடிப்பதற்கு முன் மரத்திடம் கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்தும் நிற்பாள். ஊர் சிரிக்கும், அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் மேட்டு வீட்டில் தனியாகக் கிடக்கும் கிழவருக்குக் கடிதத்தோடு மாத்திரையும் பாலும் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள்தான். அக்டோபர் கடைசியில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், ஹெஸ்டரின் கணவன் பெயரையும் சேர்த்து விளக்கு வைப்பாள். அது ஹெஸ்டருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததில்லை.

மேய்ச்சல் நிலத்தின் சரிவில் ஒரு ஊற்று. அதன் மேல் சாய்ந்து ஒரு முள்மரம். மே மாதம் வெள்ளையாகப் பூப்பதால் அதற்கு மே மரம் என்று பெயர். நோயாளியின் துணியில் ஒரு கிழிசலை ஊற்றில் நனைத்து மரத்தில் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோயும் விட்டுப்போகும். அடுத்தவர் கட்டியதை அவிழ்த்தால் அந்த நோய் அவிழ்த்தவரைப் பிடிக்கும். கட்டியவரே அவிழ்த்தால், யாருக்காகக் கட்டினாரோ அவரிடமே திரும்பிவிடும். கம்பளியும் பருத்தியும் இருந்த காலத்தில் பிறந்த சட்டம் அது. இப்போது வருகிறவர்கள் மினுக்கு நாடாவும் ஷூ கயிறும் கட்டிவிட்டுப் போகிறார்கள். நைலான் எங்கே மக்கும்? யாரும் அவிழ்க்கவும் மாட்டார்கள். கிளை பருக்கிறது, நாடா பருப்பதில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் நிலத்துக்காரர் ஜேகோ கடைக்கு வந்தார். வென்னாவும் அங்கே இருந்தாள்.

"ரெண்டு கறி பேஸ்டி குடு, தங்கம்" என்று ஹெஸ்டரிடம் சொல்லிவிட்டு வென்னா பக்கம் திரும்பினார். "உன் மரம் போன புயல்ல ஒரு கிளையைப் போட்டுச்சு. என் பசு மயிரிழைல தப்பிச்சுது. போய்ப் பாத்தேன். நைலான் எலும்பு வரைக்கும் அறுத்திருக்கு."

"எனக்கும் தெரியும், ஜேகோ."

"தெரிஞ்சு என்ன பண்றே? மே ஒண்ணாந்தேதி காலைல வருவேன். ஒரே ஒரு பிளாஸ்டிக் நெரிச்சுக்கிட்டு இருந்தாலும் மரத்தை அடியோட எடுத்துடுவேன். செத்துக்கிட்டிருக்கற மரம் யாரு தலைல விழும்னு என்னால காவல் காக்க முடியாது."

அவர் போன பிறகு ஹெஸ்டர் கேட்டாள்: "சேந்து பண்டிகை கொண்டாடற உங்க கூட்டத்துல ஏழு பேரு இருக்கீங்களே, சேந்து அவிழ்க்கக் கூடாதா?"

"கேட்டுட்டேன். பிளம்பர் பெர்ரன் கையைப் பாத்துக்கிட்டான். டீச்சரம்மா செருப்பைப் பாத்துக்கிட்டா. யாரு நோயை யாரு வாங்கறது? அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

"உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு. வாக்குக் குடுத்திருக்கேனே" என்றாள் வென்னா. யாருக்கு என்று ஹெஸ்டர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தபால் வேலை முடிந்ததும் வென்னா ஊற்றடிக்குப் போனாள். ஹெஸ்டர் ஒரு நாள் குங்குமப்பூ பன் நாலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய், வேலியைத் தாண்ட வைத்திருந்த வேலிப் படிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தாள். வென்னா முதலில் மரத்தைத் தொட்டாள். பிறகு ஒரு முடிச்சில் கையை வைத்தாள். "நீ யாரோட வலின்னு எனக்குத் தெரியாது. நான் தூக்கிக்கறேன், நீ போ" என்றாள். அவிழ்த்ததை ஊற்றில் அலசிச் சாக்கில் போட்டாள். தன் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து வைத்திருந்தாள். அதில் ஒரு துண்டை அதே இடத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டினாள். அவிழ்ந்த நோய் வீடில்லாமல் அலையக் கூடாதாம். இப்படி ஒவ்வொன்றுக்கும். விளையாட்டாகக் கட்டினதோ, வேதனையில் கட்டினதோ, அவள் பேதம் பார்க்கவில்லை.

ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று ஹெஸ்டர் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறாள். இப்படி ஒவ்வொரு முடிச்சாகச் சுமந்து பார்த்ததில்லை. பன்னைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாம் வாரம் வென்னா நொண்டிக்கொண்டு வந்தாள்.

"இது யாரு மூட்டுவலி?" என்றார் ஜேகோ.

"உன் மாமியாரோடதா இருக்கும். வாயே மூட மாட்டேங்குது."

கடையே சிரித்தது. ஜேகோவும் சிரித்தார். ஆனால் தேதியை அவர் மாற்றவில்லை.

ஏப்ரல் முப்பதாம் தேதி காலை வென்னா தபாலை மேஜைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். கண் உள்ளே போயிருந்தது.

"எல்லாம் ஆச்சா?" என்றாள் ஹெஸ்டர்.

"ஒண்ணு நிக்குது. நடுத்தண்டுல, ஊத்துப் பக்கமா. பட்டை அதும்மேல வளந்து மூடுது."

"அதையும் எடுத்துட வேண்டியதுதானே?"

"அது நான் கட்டினது. அப்போ எனக்கே புத்தி இல்ல, நைலான்னு பாக்காம கட்டிட்டேன். நான் அவிழ்த்தா அந்த நோய் அந்த ஆளுகிட்டயே போயிடும். என்னால ஆகாது."

"வேற யாரையாவது..."

"யார்கிட்ட போயி, இதை நீ வாங்கிக்கோன்னு கேப்பேன்? நாளைக்கு ஜேகோ கால்ல விழுந்து பாக்கறேன்."

"யாருக்காகக் கட்டினே?"

"அதைச் சொல்றதில்ல, தங்கம்" என்றாள் வென்னா. மேட்டு வீடுகளுக்கான கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பகல் இரண்டு மணிக்கு ஹெஸ்டர் கடைக் கதவில் 'அரை மணியில் வருவேன்' அட்டையைத் தொங்கவிட்டாள். வென்னாவின் வண்டி அந்நேரம் மேட்டுக்கு அப்பால் இருக்கும். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மரம் இருக்கும்போதே ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவை வேலிப் படியைத் தாண்டினாள்.

மரம் முழுக்க வெள்ளைக் கிழிசல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அரும்பு கட்டியிருந்தது. குனிந்து, ஊற்றுப் பக்கம் நடுத்தண்டைத் தடவினாள். நீல நாடா. வெள்ளைப் புள்ளி போட்டது. பட்டை பாதியை விழுங்கியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்பு நூல் தையல்.

நீல நூல் வீட்டில் இல்லாத ஒரு நாள், பிரிந்துபோன நுனியைச் சிவப்பில் தைத்துக் கொடுத்தவள் ஹெஸ்டர்தான். தலைநாடாவைத் தொலைத்துவிட்டேன் என்று கெர்ரா சொன்னபோது திட்டியதும் அவள்தான்.

அப்படியே தண்டில் கையூன்றி நின்றாள். பன்னிரண்டு வருஷம் தினம் தபால் கொடுத்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபம் போதும் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவளின் பிள்ளைக்காக இந்தச் சேற்றில் முட்டிபோட்டிருக்கிறாள். இன்றைக்குத் தன் உயிரான மரமே போனாலும், அந்தப் பிள்ளைக்கு ஆபத்து வரக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஹெஸ்டருக்கு இந்த முடிச்சுக் கணக்கிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் முடிச்சில் விரலை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இதுல ஏதாவது இருந்தா அது எனக்கு வரட்டும். பிள்ளைக்கு வேண்டாம். வென்னாவுக்கும் வேண்டாம்."

நகத்தால் ஆகவில்லை. கொண்டை ஊசியைக் கழற்றிப் பட்டைக்கு அடியில் விட்டு, காயப்படுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். விரல் நுனியில் ரத்தம் வந்தது. கடைசியில் நாடா முழுதாகக் கையோடு வந்தது. தண்டில் ஆழமான ஒரு பள்ளம். அதில் வெளிறிய ஈரம். ஊற்றில் நாடாவை அலசி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கட்டுவதற்குத் துணி கொண்டுவரவில்லை. இடுப்பிலிருந்த ஏப்ரன் பருத்திதான். அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். நனைத்து, தண்டைச் சுற்றிக் கட்டி, முடிச்சுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. அவிழ்க்காமலே முடிச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள்.