கூடவே வந்த சொல்

1

ஒரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். விசாரணைக் குழுவுக்கு, ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல். நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவது தாளில் இந்தக் கதை தமிழில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகச் சொல்லிப் பார்த்தேன், நகர மறுக்கிறது.

இன்று ஞாயிறு மதியம். விசாரணை நாளைக் காலை பதினொரு மணிக்கு. வர்ணனைக்கெல்லாம் நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் அறிக்கை எழுதுகிறவள். மெக்கானிக்குகள் வந்து தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். இரண்டையும் எழுதுவது ஒரே கைதான் என்பது பதினெட்டு நாட்களுக்கு முன்புதான் எனக்கு உறைத்தது.

2

முதல் தொடக்கம்:

'அந்த அப்பாவித் தொழிலாளி கலங்கிய கண்களோடு அலுவலக வாசலில்'

இல்லை. நாளை விசாரணைக்கு வரும் எங்கள் மெக்கானிக் கண் கலங்கவில்லை. வாசலிலும் நிற்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது தொடக்கம்:

'ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கடும் உழைப்பால்'

அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. மனைவி கணக்கு டீச்சர். ஏழை என்று எழுதியது தெரிந்தால் அந்த அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

நடப்பதைக் கவனித்தீர்களா? தொழிலாளி என்று நினைத்த உடனேயே அப்பாவி ஓடிவந்து முன்னால் நிற்கிறது. உழைப்புக்குக் கடும். நம் செய்தித்தாள்களில் கண்டனம் என்றால் கடும் கண்டனம், இரங்கல் என்றால் ஆழ்ந்த இரங்கல். மிதமான கண்டனத்தை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?

3

ஆங்கிலம் எனக்கு ஜோடி ஜோடியாகத்தான் வந்தது. பயிற்சி வகுப்பில் கோடு போட்ட நோட்டு ஒன்று கொடுத்தார்கள். இடது பக்கம் அடைமொழி, வலது பக்கம் பெயர். மழை என்றால் ஹெவி ரெயின். டீ என்றால் ஸ்ட்ராங் டீ. ஹெவி டீ கிடையாது. ஃபாஸ்ட் ஃபுட் உண்டு, குவிக் ஃபுட் இல்லை. ஆனால் அவசரக் குளியல் மட்டும் குவிக் ஷவர். ஏன் என்று கேட்டால் டீச்சர், "ஏன்னு கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணுங்க" என்பார். பண்ணினேன். மூன்று நோட்டுகள் நிரம்பின. ஒரு சொல்லைத் தட்டினால் ஜோடிச் சொல் தானாக வந்து விழும்.

(இதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கப் போவதில்லை. என் அறிக்கைகளை மேனேஜர் மற்றக் கிளைகளுக்கெல்லாம் மாதிரிக்கு அனுப்புவார். "படிச்சா வெள்ளக்காரன் எழுதின மாதிரி இருக்கும்மா" என்று ஒரு முறை எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.)

4

நம் மெக்கானிக்குக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'ரெண்டு தடவை'. எந்த போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்ப்பார். வண்டியைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். நான் அவரை அண்ணே என்பேன்.

நடந்தது இது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவின் சென்சார் தேய்ந்திருந்தது. மூடும்போது குறுக்கே கை வந்தால் கதவைத் திருப்பி அனுப்ப வேண்டிய பாகம் அது. சில நேரம் வேலை செய்தது, சில நேரம் இல்லை. அவர் கண்டுபிடித்து, புதியது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நாளைக்கு வரும் என்றார்கள். விதிப்படி லிஃப்ட்டை நிறுத்தி, பழுது என்று பலகை மாட்டியிருக்க வேண்டும். மூன்றாவது மாடியில் டயாலிசிஸ் நிலையம் இருந்தது, அங்கே வருகிறவர்களால் படி ஏற முடியாது. ஒரு நாள்தானே என்று ஓட விட்டார். மறுநாள் காலை, நான்காவது மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா மூடுகிற கதவுக்குள் கை நீட்டினார். வலது மணிக்கட்டு முறிந்தது.

சூப்பர்வைசர் போனில் சொன்னது ஒரே வரி: "கவனக்குறைவுன்னு போட்டுடுங்க."

அன்று எனக்குப் பதினான்கு அறிக்கைகள். நெக்லிஜென்ஸ் என்று அடித்தேன். மொட்டையாக நின்றது. நோட்டில் அதற்கு ஜோடி எது என்று என் விரலுக்குத் தெரியும். முன்னால் கிராஸ் (gross) என்று சேர்த்தேன். வாக்கியம் நிறைந்துவிட்டது, எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெறும் கவனக்குறைவு என்றால் எங்கள் நிறுவனத்தில் எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டு மாதம் பணி இடைநீக்கம். கிராஸ் சேர்ந்தால் தெரிந்தே செய்த, மன்னிக்க முடியாத அலட்சியம் என்று ஆகிவிடும். வேலை நீக்கம், உரிமமும் போகும். இது எனக்குத் தெரியாத விதி அல்ல. அடிக்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.*

* கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினேன். "நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்று படிக்காமலே போட்டார். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் விட்ட ஒரே பொருள் என்னுடைய அந்தத் தாள்தான். இதை அடிக்குறிப்பில் வைத்ததற்குக் காரணம், மேலே வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

5

பதினெட்டு நாட்களுக்கு முன், வேலை நீக்கக் கடிதம் வந்த அன்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபீசில் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவள் நான்தான் என்று என்னிடம் வந்தார்.

"கவனக்குறைவுன்னா ஒத்துக்கறேன்மா. நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்கே, அது என்ன?"

"பெருசுங்கற மாதிரிண்ணே. சும்மாதான். ரெண்டும் சேர்ந்தே வரும்."

"சும்மா வந்ததுக்கா என்னை வீட்டுக்கு அனுப்பறாங்க?"

நான் ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"மேல இருந்து போடச் சொன்னாங்களாம்மா?"

தலையாட்டினேன். ஆமாம், அவர் முகத்துக்கு நேரே தலையாட்டினேன். "உன்மேல தப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மேல்முறையீடு செய்யச் சொல்லி அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதில்தான் நாளை விசாரணை.

6

ஒரு சந்தேகம். இந்த மனிதரை நான் ரொம்ப நல்லவராக்கிவிட்டேனா? என் குற்றத்துக்கு எடை கூட்டுவதற்காக அவருடையதைக் குறைக்கிறேனா? கதை எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த வேலை.

நேற்று அந்தத் தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு மெஷினைத் தொடக் கூடாதாம். நான் டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றியெல்லாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அவர் நல்லவரா கெட்டவராங்கறது எனக்கு எதுக்கும்மா? ஒரு பலகை மாட்டியிருந்தா நான் கைய வெச்சிருக்க மாட்டேன்."

வீடு திரும்பும்போது, கடிதத்தில் எழுத வைத்திருந்த 'சிறிய கவனக்குறைவு' என்ற ஜோடியும் கையை விட்டுப் போயிற்று. அந்தக் கட்டைப் பார்த்த பிறகு சிறிய என்று எழுத எனக்குக் கை வராது.

7

எனவே முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவில் நான் எழுந்து பேசுகிறேன். கனத்த மௌனம். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். (கனத்த மௌனம்! இதோ இன்னொரு ஜோடி. அடித்துவிட்டேன். முடிவும் அதோடு போயிற்று.)

இரண்டாவதில் அவருக்கு வேலை திரும்புகிறது, எனக்குப் போகிறது. கணக்கு நேராகிவிடுகிறது. கதைக்கு அழகு. ஆனால் இதை எழுதும்போது என்னை நானே தியாகியாக்கிச் சிங்காரிப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

மூன்றாவதில் நான் வாயே திறக்கவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் நம்பும்படியாக இருந்தது. படித்துப் பார்த்தேன். கிழித்தேன்.

துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் கணவர் கேட்டார். "அடுத்த மாசம்தான் உன்னை நிரந்தரம் பண்றாங்க. இப்பப் போய் நான்தான் எழுதினேன்னு நின்னா, உன்னையும் சேர்த்து அனுப்பிட மாட்டாங்களா?"

"அனுப்பட்டும். எழுதினது நான்தானே."

அவர் சட்டைக் காலரை மறுபடி ஒரு முறை தேய்த்தார். அப்புறம், "நாளைக்கு இந்தப் புடவையா, அந்தப் புடவையா?" என்றார். அவர் சம்மதிக்கிற விதம் அது.

பிறகு ஐந்தாவது கடிதத்தை எழுதினேன், தமிழிலேயே. எந்தப் பெயருக்கும் முன்னால் எதையும் வைக்கவில்லை. சென்சார் தேய்ந்திருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். புதியது வரவில்லை. லிஃப்ட்டை அவர் நிறுத்தவில்லை. கிராஸ் என்ற சொல்லை நான் சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. சொன்னார்களா என்று அவர் கேட்டபோது தலையாட்டிப் பொய் சொன்னேன்.

8

திங்கள். பதினொன்றாக ஐந்து நிமிடம். விசாரணை அறைக்கு வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்து, கடிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

சற்றுமுன் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே போய்ச் சொல்வதற்கு முன் இவரிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. கடிதத்தைப் பிரித்து மெல்லப் படித்தேன். 'நான் சேர்த்தேன்' என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு, பொய் சொன்ன வரி வரைக்கும் படித்து முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தையல்காரம்மா கை ஒடிஞ்சது அதுல இல்லையே."

இல்லைதான். விட்டுப் போயிருந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது, மூன்று மாதம் தைக்க முடியாது என்று ஓரத்தில் எழுதினேன். மடிக்கப் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் தலையை அசைத்தார். மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

கதவு திறந்து எங்கள் இருவரையும் கூப்பிடுகிறார்கள். பேனாவை மூட வேண்டும். உள்ளே நடப்பது இந்தத் தாளுக்கு வராது. அவர் செய்ததும் நான் செய்ததும் கீழே இருக்கின்றன. முன்னால் என்ன போடுவது என்பதை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். போடுவதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள்.

அவருடைய ................ கவனக்குறைவு.

என்னுடைய ................ கவனக்குறைவு.