அப்பாவின் பேருக்கு ஒரு தூக்கம்

அப்பா பட்டப்பகலில் ட்ரக்டர் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டார். பின்னால் டாங்கி நிறைய ரப்பர் பால். வண்டி பாதையை விட்டிறங்கி, தோட்டத்து நிர்வாகியான பெரிய தொரையின் பங்களா ரோஜாப் பாத்தியில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ரோஜாக்களுக்குத்தான் பாலாபிஷேகம் நடந்தது.

தொரை சத்தம் போடவில்லை. இரத்தினபுரியில் தூக்கத்தைப் பரிசோதிக்கிற கிளினிக் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து கடிதம் கொண்டுவந்தால்தான் இனிச் சாவி, இல்லாவிட்டால் வண்டி இளம் ட்ரைவர் விதுர்ஷனுக்கு என்றார். பதினெட்டு வருஷமாக அப்பா ஓட்டும் ட்ரக்டர் அது. அதைக் கழுவக்கூட விதுர்ஷனை விட்டதில்லை.

ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழிருக்கும் லயத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் காம்பராக்களுக்கு நடுவிலிருக்கும் சுவர்கள் கூரைவரை போகாதவை. எங்கள் வீட்டுக் குறட்டை மூன்று வருஷமாக ஆறு வீட்டுக்கும் கேட்கிறது. இந்த மனுஷன் தன்னைத் தூங்கவிடுவதில்லை என்று அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தினமும் சொல்வாள். எல்லாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

குறட்டை விடுவது அம்மாதான். அது அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். அப்பா சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கிளினிக்கில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜாபிர் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். நெஞ்சுக்கு ஒரு பட்டி, விரலுக்கு ஒரு கிளிப், மூக்குக்கு மெல்லிய குழாய். ஒரு ராத்திரி இவற்றோடு வீட்டில் தூங்கினால் மூச்சும் இதயத் துடிப்பும் இரத்தத்திலுள்ள ஒட்சிசனும் பெட்டியில் பதிவாகிவிடும். பாஸாக எத்தனை புள்ளி வேண்டும் என்று அப்பா கேட்டார். சும்மா தூங்கினால் போதும் என்று ஜாபிர் சிரித்தார்.

அப்பாவுக்கு முடியாத காரியம் அது ஒன்றுதான்.

திரும்பும்போது பஸ் கஹவத்தைக்கு வருவதற்குள் அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். தோட்டத்தில் எப்போதும் நடப்பதுதான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அவள் மரங்களில் சித்தி பால் வெட்டுவாள். அன்றாட வேலைப் பதிவான செக்ரோலில் பேர் அம்மாவுக்கு விழும். வாளி நிறைந்தால் சரி, வெட்டியது யார் கத்தி என்று கணக்கப்பிள்ளை கேட்பதில்லை.

"எம் பேருக்கு நீ தூங்கு சீதா. ஒன்ன மாதிரி அசந்து தூங்குற ஆளு இந்த டிவிசன்லயே இல்ல."

அம்மாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "நீங்க கொறட்டை விடாம இருந்தா தூங்குவேன்," என்றாள்.

பட்டியை நான்தான் மாட்டிவிட்டேன். அப்பா விடியும்வரை பெட்டிக்குக் காவல் இருந்தார். காலையில் கண் இரண்டும் கோவைப்பழம், முகமெல்லாம் சந்தோஷம். அம்மா நன்றாக உழைத்திருக்கிறாளாம்.

மூன்று பேருமாகப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜாபிர் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் மூச்சுக் கோடு ஏறி இறங்கி வந்து, திடீரென்று தட்டையாகக் கிடந்து, பிறகு துள்ளி எழுந்தது. மணிக்கு முப்பத்தெட்டுத் தடவை மூச்சு தடைப்பட்டிருக்கிறதாம். ஒட்சிசன் எழுபத்தொன்பதுவரை இறங்கியிருக்கிறதாம். டொக்டர் வைத்தியத்தைத் தொடங்கும்வரை ட்ரக்டரைத் தொடவே கூடாது என்றார் ஜாபிர்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். "மூச்சு நிக்குதா, சேர்?"

"ஓம் ஐயா, உங்களுக்குத்தான்."

உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் அப்பா சுமந்த குறட்டை அம்மா தலையில் விழும். சொல்லாவிட்டால் சாவி போய்விடும், அம்மாவுக்கு வைத்தியமும் நடக்காது. அம்மா சுவரிலிருந்த கலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அது போன வருஷத்துக் கலண்டர்.

வெளியாட்களிடம் நான் பேசுவதில்லை. கடையில் சீனி வாங்கக்கூடக் கையைத்தான் காட்டுவேன். அன்றைக்குப் பேசினேன்.

"தூங்குனது அம்மா. கொறட்டையும் அம்மாதான்."

அதன்பிறகு அப்பா செக்ரோல் வழக்கத்தை விளக்க, ஜாபிர் சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். "மூச்சுக்கு மாத்தாள் போட ஏலாது ஐயா," என்றார் கடைசியில். அம்மா பேரில் புதிதாக ஒரு கார்ட் எழுதி, டொக்டரைப் பார்க்க நாளும் குறித்துவிட்டு, பெட்டியை மறுபடி அப்பாவிடமே கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை இரவு அப்பா தனியாக, பகலில் தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பாய் விரித்தார். ஞாயிறு மத்தியானம் நான் போய் எழுப்பியபோது தொட்டில் கயிறு ஒன்றைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கிளினிக் திரையில் அவருடைய மூச்சுக் கோடு எங்கும் தட்டையாகாமல் வந்திருந்தது. நோய் ஒன்றுமில்லை, தூக்கம்தான் போதாது என்று டொக்டர் எழுதிய கடிதத்தைத் தொரை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

சங்கதி எங்களுக்கு முன்னால் பீலிக்கரைக்குப் போய்விட்டது. குறட்டை யாருடையது என்று தெரிந்துவிட்டதாமே என்று பக்கத்து வீட்டு இலட்சுமி அக்கா கேட்டார். அம்மா குடத்தை நிதானமாகப் பீலிக்கடியில் வைத்தாள்.

"பெட்டி எடுத்தது அவரு பேர்ல. நான் தூங்குனது அவரு பேருக்கு. அப்ப கொறட்டை யாரு பேர்ல விழும்?"

பாதையில் பால் டாங்கியோடு வந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. வண்டியை மெதுவாக்கினார்.

"எம் பேர்லயே போடுங்க," என்றார். ரோஜாப் பாத்தி பக்கம் பார்க்காமல், வளைவில் பிசகாமல் திருப்பிக்கொண்டு போனார்.